இறக்கைக்கு அடியில் இருந்த எண்

மாமல்லபுரத்தில் கோயில் பக்கம் போகாமல் வடக்கே கொஞ்ச தூரம் நடந்தால், படகுகளை ஏற்றி வைத்திருக்கும் மணல் வரும். அன்றைக்கு ஒரு நீலப் படகின் நிழலில் பையை வைத்துவிட்டு, முதுகில் சாயங்கால வெயில் படும்படி நின்றேன். வெயில் நம் முதுகில் இருந்தால்தான் கடலுக்கு மேலே போகிற விமானம் வெளிச்சமாக விழும்.

ஈர வலை வாடை. காலடியில் நண்டு வளை. கேமராவின் ஜூம் வளையத்தில் மணல் புகுந்து, திருப்பும்போதெல்லாம் நறநறவென்றது.

கைப்பேசியைச் சத்தமில்லாமல் செய்து பைக்குள் போட்டிருந்தேன். படம் எடுக்கும்போது சட்டைப்பையில் அது அதிர்ந்தால் கையும் அதிரும், படம் கலங்கிவிடும்.

அதே நேரம் மீனம்பாக்கத்தில் என் மகள் சங்கீதா சிங்கப்பூர் விமானத்தில் ஏறிக்கொண்டிருந்தாள். முதல் வேலை, முதல் விமானம். வழியனுப்ப என் மனைவி மல்லிகாவும் மகன் பிரவீனும் மச்சானும் போயிருந்தார்கள். நான் மட்டும் போகவில்லை.

வடக்கே ஒரு புள்ளி தெரிந்தது. வளர்ந்தது. வாலின் நிறம் தெரிந்தது, அவள் போகிற விமானக் கம்பெனியின் நிறம்தான். மணியும் ஏறக்குறைய சரி. கரையை ஒட்டி, கிட்டத்தட்ட தலைக்கு மேலேயே வந்தது.

வரிசையாகப் பதினோரு படம் எடுத்தேன். எடுத்து முடித்து கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டு, இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். வலை பிரித்துக்கொண்டிருந்தவர் ஒருவர் என்னைப் பார்த்துவிட்டுத் தானும் ஒரு கையைத் தூக்கி ஆட்டினார்.

அந்தப் பதினோரு படத்தில் ஆறாவது படத்தைப் பற்றித்தான் இந்த வாரம்.

மேலே பார்க்கும் பழக்கம்

போன வாரம் வேன் ஓட்ட வந்த கதையைச் சொன்னேன். ஊரப்பாக்கத்திலிருந்து ஆட்களை ஏற்றி, சிறுசேரியில் கம்ப்யூட்டர் கம்பெனி வாசலில் காலையில் இறக்கிவிட வேண்டும். சாயங்காலம் திரும்ப ஏற்ற வேண்டும். நடுவில் ஏழெட்டு மணி நேரம் சும்மா.

மற்ற டிரைவர்கள் சீட்டைச் சாய்த்துத் தூங்குவார்கள். எனக்குப் பகலில் தூக்கம் வராது. வேனுக்கு வெளியே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தால் பார்க்க என்ன இருக்கிறது? கண்ணாடிக் கட்டடம், அதற்கு மேலே வானம். வானத்தில் விமானம்.

பக்கத்து வேன் ஏழுமலை கேட்பான்: "அண்ணாத்த, இன்னா எப்பப் பாத்தாலும் மேலயே பாத்துகினு கீற? கழுத்து சுளுக்கிக்கப் போவுது."

"ப்ளேன் போவுதுடா."

"அது தெனமும்தான் போவுது. உனுக்கு டிக்கெட்டு எடுத்து வெச்சிருக்காங்களா?"

முதலில் கைப்பேசியில் எடுத்தேன். கொசு மாதிரி விழுந்தது. பிறகு செங்கல்பட்டில் கல்யாணப் படம் எடுக்கும் நண்பர் ஒருவர் புதுக் கேமரா வாங்கியபோது, பழையதை எனக்குத் தள்ளிவிட்டார். நீள ஜூம் கொண்டது. கழுத்துப் பட்டையில் அவர் ஸ்டுடியோ பெயர் இருந்ததால், கொஞ்ச நாள் என்னைக் கல்யாணத்துக்குக் கூப்பிடுகிறவர்கள்கூட இருந்தார்கள்.

நான் பத்தாவது வரை படித்தவன். ஆனால் ஒன்று பிடித்துவிட்டால் விடமாட்டேன். எந்த மாதம் எந்தப் பக்கக் காற்று, காற்றை வைத்து விமானம் எந்தப் பக்கம் எழும்பும், எல்லாம் தெரிந்துகொண்டேன். விமானம் எதிர்காற்றில்தான் எழும்பும். கடல்காற்று அடித்தால் கடலைப் பார்த்து எழும்பும். மேல்காற்று அடித்தால் மேற்கே எழும்பும். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்திருந்தும் என்ன ஆனது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

கருடன் சார்

விமானப் படம் எடுக்கிறவர்களுக்கு இணையத்தில் குழுக்கள் உண்டு. நான் சேர்ந்த குழுவில் எங்கெங்கோ இருந்து ஆட்கள். ஒருவர் ஊர் பனி, ஒருவர் ஊர் பாலைவனம். எல்லாரும் அவரவர் தலைக்கு மேலே போனதை எடுத்துப் போடுவார்கள்.

சட்டென்று போட்டுவிட முடியாது. அனுப்பினால் ஒருவர் பார்த்துச் சரி என்றால்தான் வெளியே வரும். நம் பக்கத்துப் படங்களைப் பார்ப்பவருக்குக் 'கருடன்' என்று பெயர். பெயருக்குப் பக்கத்தில் ஒரு கழுகுப் படம். ஆள் யார் என்று தெரியாது. பட்டாளத்தில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர் என்று நானே முடிவு செய்து, 'கருடன் சார்' என்றே எழுதுவேன்.

என் முதல் ஆறு படங்களும் திரும்பி வந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிதான். 'சாய்ந்திருக்கிறது.' 'அனல் அலையில் நெளிகிறது.' 'வால் வெட்டுப்பட்டுள்ளது.' 'மின்கம்பி.' ஏழாவது நுழைந்தது. அன்றைக்கு ஏழுமலைக்கு நாஸ்தா வாங்கிக் கொடுத்தேன். "இன்னா அண்ணாத்த, பொண்ணுக்குக் கல்யாணமா?" என்றான்.

குழுவில் இன்னொரு வழக்கம். படத்துக்குக் கீழே நாலே நாலு வரி: விமானத்தின் எண், எடுத்த இடம், நாள், எடுத்தவர். சொந்தக் கதை எழுதுவது அவ்வளவாகப் பிடிக்காது. எண் தப்பாகப் போட்டால் 'எண் தவறு' என்று சிவப்பில் எழுதி, பத்து நாள் அப்படியே வைத்துவிடுவார்கள். அடித்தால்கூடத் தாங்கலாம், அது அவமானம்.

விமானத்துக்கும் வண்டி மாதிரி நம்பர் உண்டு. வால் பக்கமும், இடது இறக்கையின் அடியிலும் எழுதியிருக்கும்.

நம்பர் விஷயத்தில் நான் ரொம்பக் கறார். சிறுசேரியில் எல்லா வேனும் வெள்ளை, எல்லாம் ஒரே கம்பெனி வண்டி. வாரத்துக்கு ஒருத்தராவது வேறு வேனில் ஏறி உட்கார்ந்து, பாதி வழியில் "இது கூடுவாஞ்சேரி போகாதா?" என்று கேட்பார்கள். "வண்டிய பாத்து ஏறாதம்மா, நம்பர பாத்து ஏறு," என்று ஒவ்வொருவருக்கும் சொல்வேன். வேன் கதவிலேயே அதை எழுதி ஒட்டியிருந்தேன்.

வீட்டில் நடந்த பேச்சு

சங்கீதா போவதற்கு இரண்டு நாள் முன்னால், நான் கடற்கரைக்குப் போகப் போவதாகச் சொன்னேன். மல்லிகா அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையை எடுக்காமலே கேட்டாள்.

"இன்னாயா சொல்ற? பொண்ணு போவுது, நீ மீன் வாங்கப் போறியா?"

"ஏர்போட்டுல இன்னா கீது? கண்ணாடிக் கதவு வரைக்கும்தான் வுடுவான். அப்பால அவ முதுகுதான் தெரியும். பீச்சுல நின்னா அவ போற ப்ளேனே தெரியும். படம் எடுத்தா காலத்துக்கும் இருக்கும்."

"முதுகு தெரிஞ்சா போதாதா உனுக்கு?"

சங்கீதா பெட்டியில் ஊறுகாய் பாட்டிலைத் துணி சுற்றி வைத்துக்கொண்டிருந்தாள். "வுடும்மா. அப்பாவுக்கு ஆசையா கீது. எடுக்கட்டும்," என்றாள். என்னைப் பார்க்காமல்தான் சொன்னாள். அப்போது அதை நான் கவனித்ததாக நினைவில்லை. இப்போது எழுதும்போது நினைவு வருகிறது.

உண்மையைச் சொல்ல வேண்டும். படம் அவளுக்காக மட்டும் இல்லை. மகள் போகிற விமானத்தையே எடுத்துப் போட்டால் குழுவில் பேசுவார்கள், கருடன் சார் ஒரு வார்த்தையாவது நல்லதாகச் சொல்வார் என்று ஆசை. அந்த விமானத்துக்கு எந்த எண் என்று அவள் கிளம்பும் நாள் காலையிலேயே விமானச் செயலியில் பார்த்து, நாலு வரியையும் முன்கூட்டியே தட்டி வைத்துவிட்டேன். ஐந்தாவதாக ஒரு வரியும் சேர்த்தேன்: 'இதில் என் மகள் போகிறாள்.'

பையில் இருந்த கைப்பேசி

கையாட்டி முடித்துப் பையைத் திறந்தேன். சங்கீதாவிடமிருந்து மூன்று அழைப்பு வந்து நின்றிருந்தது. மூன்றும் விமானம் தெரிவதற்குச் சற்று முன்னால். கடைசியாக விடை சொல்லக் கூப்பிட்டிருக்கிறாள் என்று நினைத்தேன். திருப்பிக் கூப்பிட்டேன். தொடர்பு கிடைக்கவில்லை. பறந்துவிட்டாளே, எப்படிக் கிடைக்கும்?

மேற்கே செங்கல்பட்டுப் பக்கம் மழை கட்டியிருந்தது. நான் மணலைத் தட்டிக்கொண்டு கிளம்பும்போது காற்று மாறி, என் முகத்தில் தரைக்காற்று அடித்தது. குளிர்ச்சியாக இருக்கிறதே என்றுதான் தோன்றியது.

கோவளம் தாண்டுவதற்கு முன்பே வண்டியை ஓரம் கட்டி, ஆறாவது படத்தைக் கைப்பேசிக்கு மாற்றிக் குழுவுக்கு அனுப்பிவிட்டேன். அவ்வளவு சுத்தமான படம் அதுவரை நான் எடுத்ததில்லை. இறக்கையின் வளைவில் வெயில் மஞ்சளாக நின்றது. வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். பனி ஊர்க்காரர், பாலைவனக்காரர், எல்லாரும் வாழ்த்தியிருந்தார்கள். யாரோ ஒருவர் தன் மகளும் வெளிநாட்டில் இருக்கிறாள் என்று எழுதியிருந்தார்.

மறுநாள் மல்லிகா அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, டிவிக்கு மேலே மாட்டிவிட்டாள். சிங்கப்பூரில் சங்கீதா கைப்பேசி முகப்பில் வைத்துக்கொண்டாள். நான் கையாட்டியதையும் மல்லிகா அவளிடம் சொல்லியிருந்தாள். அன்று மத்தியானம் சிறுசேரியில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தபோது, கருடனிடமிருந்து தனியாக ஒரு செய்தி வந்தது.

'சார், அவசரத்தில் நான் பார்க்காமல் ஏற்றுக்கொண்டுவிட்டேன். தப்பு என்மேலும் இருக்கிறது. இடது இறக்கையின் அடியைப் பெரிதாக்கிப் பாருங்கள். சிவப்பில் போட எனக்கு மனசில்லை. இந்த வாரத்துக்குள் நீங்களே மாற்றிவிடுங்கள்.'

பெரிதாக்கினேன். படம் சுத்தமாக இருந்ததால் எழுத்தும் சுத்தமாகவே தெரிந்தது. நான் தட்டி வைத்த எண் வேறு. இறக்கையில் இருந்த எண் வேறு.

வேன் கதவில் நான் ஒட்டிய காகிதம் எனக்கு நேரெதிரே இருந்தது.

பொத்தேரியில் ஒரு ஜூஸ் கடை

என்ன நடந்தது என்று கேட்டு எழுதினேன். நேரில் சொல்கிறேன், சரியான விமானத்தின் படமே தன்னிடம் இருக்கிறது, பொத்தேரி வர முடியுமா என்று பதில் வந்தது. அடுத்த விடுமுறை நாளில் காலேஜுக்கு எதிரே இருந்த ஜூஸ் கடையில் போய் உட்கார்ந்தேன். நரைத்த மீசையோடு யாராவது வருகிறார்களா என்று வாசலையே பார்த்தேன்.

முதுகில் பை மாட்டிய ஒரு பெண் என் மேசைக்கு முன் வந்து நின்றாள். சங்கீதாவைவிட இரண்டு வயது சின்னவளாக இருப்பாள்.

"அங்கிள், நான்தான் கருடன். பேரு அபிநயா."

"நீயாம்மா?"

"நானேதான். உங்க ஆறு படத்தையும் திருப்பி அனுப்பினது நானேதான். கோவமா?"

"மிலிட்டிரில இருந்தவர்னு நெனச்சேம்மா."

"ஹாஸ்டல்ல இருக்கேன் அங்கிள். ஏறக்குறைய அதேதான்."

கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தேன். குடித்துக்கொண்டே சொன்னாள். அன்று சங்கீதாவின் விமானம் புறப்படுவதற்குள் மழைமேகம் வந்து காற்று மேற்காகிவிட்டது. ஓடுபாதையின் திசையை மாற்றினார்கள், அதனால் அது தாமதமாயிற்று. மாற்றுவதற்கு முன் கடல் பக்கம் எழும்பிய கடைசி விமானம் அதே கம்பெனியின் கொழும்பு விமானம். நான் எடுத்தது அதை. சங்கீதாவின் விமானம் மேற்கே எழும்பித் திரும்பி, ஊரப்பாக்கம், பொத்தேரி, செங்கல்பட்டு என்று தரை மேலேயே தெற்கே போனது.

அந்த வழியில் இருக்கும் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றிருந்தாலே தெரிந்திருக்கும்.

அபிநயா தன் கைப்பேசியை நீட்டினாள். ஹாஸ்டல் பால்கனியிலிருந்து எடுத்தது. கருமேகம், அதற்குள் சாம்பலாக ஒரு விமானம். வலது மூலையில் காயப்போட்ட பச்சைத் துண்டு ஒன்று குறுக்கே வந்திருந்தது. ஆனால் வால் பக்கத்து எண்ணைப் படிக்க முடிந்தது. காலையில் நான் தட்டி வைத்த அதே எண்.

"இத ஏம்மா குழுவுல போடல?"

"எப்படி அங்கிள் போடுவேன்? வெளிச்சம் இல்ல, தெளிவு இல்ல, துண்டு வேற. வேற யாராவது அனுப்பியிருந்தா திருப்பி அனுப்பியிருப்பேன். அதான் என் படத்த நானே திருப்பி அனுப்பிட்டேன்."

படத்தை எனக்கு அனுப்பிவைத்தாள். அன்றே குழுவில் என் படத்தின் எண்ணைத் திருத்தினேன். ஐந்தாவது வரியை எடுத்தேன். 'முன்பு தவறாக எழுதியிருந்தேன், மன்னிக்கவும்' என்று போட்டேன். பனி ஊர்க்காரர்கூடப் பரவாயில்லை என்றார்.

வீட்டில் சொல்லவில்லை.

முகம் தெரியாதவர்களிடம் ஒரே வாரத்தில் ஒத்துக்கொள்ள முடிந்தது. டிவிக்கு மேலே மாட்டியிருப்பதைப் பற்றி வாய் திறக்க இரண்டு வருடம் ஆயிற்று. வீட்டுக்கு யார் வந்தாலும் மல்லிகா அதைக் காட்டி, "எம் பொண்ணு போன ப்ளேனு. இவருதான் எடுத்தாரு," என்பாள். நான் எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பேன்.

அவள் பார்த்தது

இரண்டு வருடம் கழித்து சங்கீதா முதல் விடுமுறையில் வந்தாள். மறுநாள் காலை, பல் துலக்கிய கையோடு அந்தப் படத்துக்கு முன்னால் போய் நின்றாள். நான் காபி குடித்துக்கொண்டிருந்தேன். மல்லிகா கடைக்குப் போயிருந்தாள்.

நானாகத்தான் சொன்னேன்.

"அது உன் ப்ளேன் இல்லம்மா."

"தெரியும்ப்பா."

"எப்டி?"

"நான் ஜன்னல்கிட்ட குந்திகினு இருந்தேன். கடலே வரல. நம்ம ரயில்வே லைனு தெரிஞ்சுது. செங்கல்பட்டு ஏரி தெரிஞ்சுது, தண்ணி கறுப்பா. வெளிநாடு போறேன்னுட்டு நம்மூரு ஏரி மேலயே போறேனேன்னு சிரிப்பு வந்துச்சு. மறுநாளு அம்மா இந்தப் படத்த அனுப்பிச்சுது. கடலும் வெயிலுமா கீது. அப்பவே தெரியும்."

"ஏன் சொல்லல?"

"அம்மா அவ்ளோ சந்தோசமா இருந்துச்சு. நீயும்தான். நான் இன்னாத்தச் சொல்றது?"

என் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

"அப்ப நீ யாருக்குப்பா கை ஆட்டின?"

"கொழும்பு போறவங்களுக்கு."

அவள் சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்கிய பிறகு, இரண்டு வருடமாகக் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டேன்.

"அன்னிக்கி மூணு தபா போன் பண்ணியே, இன்னாத்துக்கும்மா?"

"ப்ளேனு இன்னும் கெளம்பல, லேட்டாவும்னு சொன்னாங்க. போன அணைக்கச் சொல்றதுக்குள்ள, வெயில்ல நிக்காத, எங்கனா நெழல்ல குந்துன்னு சொல்றதுக்குப்பா."

வெளியே கேட் திறக்கும் சத்தம் கேட்டது. மல்லிகா பால் கவரோடு உள்ளே வந்தாள். அவளிடமும் அப்போதே சொன்னேன், நின்ற இடத்திலேயே. முழுதும் கேட்டாள். பால் கவரைக் கீழே வைக்கவில்லை.

"ஏர்போட்டுக்கு வந்திருந்தா அவ முதுகாவது தெரிஞ்சிருக்கும்," என்றாள். அவ்வளவுதான். பாலைக் காய்ச்சப் போனாள்.

சட்டத்துக்குள்

அந்த வாரமே அபிநயாவின் படத்தைச் செங்கல்பட்டு நண்பரின் ஸ்டுடியோவில் பெரிதாக்கினேன். மூலையில் இருக்கும் பச்சைத் துண்டை எடுத்துவிடட்டுமா, ஒரு நிமிட வேலை என்றார் அவர். வேண்டாம் என்றேன்.

கடல் படத்தை வெளியே எடுத்து இதை வைத்தேன். மல்லிகாவுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. "இன்னாயா இது, அழுக்கு மாரி கீது," என்றாள். ஆனால் எடுக்கச் சொல்லவில்லை. யாராவது வந்தால் இப்போது இதைக் காட்டுகிறாள். துண்டு யாருடையது என்று சிலர் கேட்கிறார்கள்.

சட்டத்தை மூடுவதற்கு முன்னால், படத்தின் பின்பக்கம் குழு வழக்கப்படி நாலு வரி எழுதினேன். விமானத்தின் எண், வால் பக்கம் இருக்கிறபடி ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து. எடுத்த இடம், பொத்தேரி. நாள். எடுத்தவர், அபிநயா.

பிறகு ஐந்தாவதாக ஒரு வரி சேர்த்தேன். இந்தத் தொடரை என் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். என்றைக்காவது அவர்கள் அந்தச் சட்டத்தைக் கழற்றினால் அதில் இருப்பது இதுதான்:

'அப்பா நின்ற இடம்: மாமல்லபுரம் கடற்கரை.'